ஃபைபர் படகு அச்சின் முகத்தைச் செப்பனிடுதல்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

முட்டத்திலோ குளச்சலிலோ மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளங்களின் பக்கம் ஒருநாள் மாலையில் நடந்து பாருங்கள். ஒரே பட்டறையில் செய்த நான்கைந்து வள்ளங்கள் அடுத்தடுத்துக் கிடந்தால், அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு மேடு ஒன்று, அரிசி அளவுக்கு, கையில் தட்டுப்படலாம். அடுத்த வள்ளத்திலும் அதே இடத்தில் அதே மேடு. அதற்கடுத்ததிலும் அப்படியே. பூசிய வண்ணம் வேறு, உரிமையாளர் வேறு, ஊர்கூட வேறாக இருக்கும். மேடு மட்டும் மாறாது. அது அந்த வள்ளத்தில் உண்டானதல்ல. வள்ளத்தை வார்த்த அச்சில் இருக்கும் குழி, மேடாக வெளியே வந்திருக்கிறது.

மரத்தில் வள்ளம் செய்த காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆசாரியின் உளி ஓரிடத்தில் தவறினால் அந்தத் தவறு அந்த ஒரு வள்ளத்தோடு முடிந்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் கட்டுமரமும் மரவள்ளமும் இருந்த இடத்தில் 1980-களில் ப்ளைவுட் வள்ளங்கள் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. ஃபைபர் படகை யாரும் செதுக்குவதில்லை, வார்க்கிறோம். ஓர் அச்சிலிருந்து ஐம்பது படகு எடுத்தால், அச்சில் இருக்கும் ஒரு வடு ஐம்பது படகிலும் இருக்கும். ஒவ்வொரு படகிலும் அதைத் தேய்த்து எடுக்க அரை மணி நேரம் என்று வைத்தால்கூட இருபத்தைந்து மணி நேரம், அதாவது ஓர் ஆளின் மூன்று நாள் கூலி. அச்சில் ஒரே ஒருமுறை ஒழுங்காகச் சரிசெய்தால் அத்தனையும் மிச்சம். அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகு அச்சைச் சொன்னாலும், ஃபைபர் கதவு, தண்ணீர்த் தொட்டி, சிலை வார்க்கும் அச்சுகளுக்கும் இதே வழிதான்.

அச்சு எதனால் ஆனது?

முதலில் படகின் உருவத்தை மரத்திலும் ப்ளைவுட்டிலும் செய்து, பட்டி பார்த்து, முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றுவார்கள். பட்டறையில் இதற்குப் பிளக் என்று பெயர். பிளக்கின்மேல் மெழுகு பூசி, அதன்மேல் அச்சுக்கென்றே வரும் ஜெல்கோட் என்னும் முகப்பூச்சைப் பூசுவார்கள். அது இறுகத் தொடங்கியதும் கண்ணாடியிழைப் பாயை (பட்டறையில் ‘மேட்’ என்பார்கள்) ரெசின் என்னும் இறுகும் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, படகின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும்வரை கனமாக்கி, வெளிப்புறத்தில் வளையாமல் இருக்கச் சட்டங்கள் கட்டுவார்கள். எல்லாம் இறுகிய பிறகு பிளக்கை நீக்கினால் மிஞ்சுகிற கூடுதான் அச்சு. அதன் உள்முகம் எப்படியோ அப்படியே படகின் வெளிமுகம்.

அந்த உள்முகத்து ஜெல்கோட்டின் தடிமன் பொதுவாக 0.8 முதல் 1 மில்லிமீட்டர். ஏடிஎம் அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் வேலையில் பெரும்பகுதி அந்த ஓர் அட்டைத் தடிமனுக்குள் நடக்கிறது. அழுத்தித் தேய்த்தால் பின்னால் இருக்கும் இழை வெளியே வந்துவிடும். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

அச்சில் வார்த்த படகு அச்சை விட்டு வருவது எப்படி? கிறிஸ்துமஸ் நேரத்தில் நம் வீடுகளில் அச்சு முறுக்கு சுடுவதை நினைத்துப் பாருங்கள். புது அச்சை எண்ணெயில் பழக்காமல் மாவில் முக்கினால் மாவு அச்சைப் பிடித்துக்கொள்ளும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பழகிய அச்சு என்றால் எண்ணெயில் லேசாக ஆட்டியதும் முறுக்கு கழன்று மிதக்கும். படகு அச்சில் எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு. வழவழப்பான முகத்தில் மெழுகு சீராக நிற்கும். கீறலும் துளையும் இருக்கும் இடத்தில் நிற்காது, படகு அங்கே பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது. புதியவர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள். அச்சில் குழி என்றால் படகில் மேடு. அச்சில் மேடு என்றால் படகில் குழி. படகில் வந்த மேட்டைத் தேய்த்து எடுத்துவிடலாம். படகில் வந்த குழியை நிரப்பித்தான் ஆக வேண்டும், வண்ணமும் பொருந்தாது. அதனால் அச்சில் நிரப்பிய இடம் சுற்றியுள்ள முகத்தைவிடத் துளியும் உயர்ந்து நிற்கக் கூடாது.

குழிகளிலும் மோசமானது, வாய் குறுகி உள்ளே அகன்று இருப்பது. படகின் ஜெல்கோட் அதற்குள் இறங்கி, இறுகி, கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. படகைக் கழற்றும்போது ஒன்று படகின் கொக்கி உடைய வேண்டும், அல்லது அச்சின் விளிம்பு உடைய வேண்டும். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உடையும். பத்தாவது படகு எடுக்கும்போது ஊசித்துளை பட்டாணி அளவுக்கு வந்திருக்கும். சின்னது என்று விடாதீர்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

குறையை முதலில் இனம் காணுங்கள்

எல்லாக் குறையும் நிரப்ப வேண்டிய குறை அல்ல. அச்சின் முகம் மங்கிப் பால்படிந்ததுபோல் இருந்தால், அது பெரும்பாலும் பழைய மெழுகும், படகுகளின் ஜெல்கோட்டிலிருந்து வந்த ஸ்டைரீன் என்னும் திரவமும் சேர்ந்து படிந்த படலம். காம்பவுண்டு என்னும் மெருகுப் பசையைப் போட்டுத் துணியால் தேய்த்தாலே போய்விடும். அதற்கு உப்புத்தாள் எடுப்பது அச்சின் ஆயுளை வீணாகக் குறைப்பது.

கீறலுக்கு நகம்தான் அளவுகோல். குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் நுண்ணிய வாட்டர் பேப்பரும் பாலிஷும் போதும். நகம் தட்டி நின்றால் நிரப்ப வேண்டும்.

ஜெல்கோட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழி வேறு வகை. அச்சு செய்த அன்று முதல் மேட் அடுக்கை ரோலரால் சரியாக அழுத்தாமல், முக்கியமாகப் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா (கீல்) போன்ற கூர்மையான மூலைகளில், காற்று சிக்கியிருக்கும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும். சில படகுகள் எடுத்ததும் அந்த இடம் முட்டை ஓடுபோல் உள்ளே உடையும். உடைவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். அதன் விளிம்பால் முகத்தை விரற்கடை விட்டு விரற்கடை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் ஓசை கணீரென்று வரும். வெற்றிடத்தில் பொத்தென்று அடங்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததா என்று சொல்லும் காது நம் ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு. அதே காதுதான் இதற்கும் வேண்டும். வெற்றிடம் என்று தெரிந்தால் தயங்காமல் உடைத்துத் திறந்துவிடுங்கள்.

விரிசல்களில் இரண்டு வகை உண்டு. ஒரு மையத்திலிருந்து நாலாபக்கமும் கால் விரித்தாற்போல் ஓடினால் அது நட்சத்திர விரிசல். யாரோ பின்புறமிருந்து ஓங்கி அடித்திருக்கிறார்கள், அல்லது அச்சுக்குள் கனமான பொருள் விழுந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று இணையாகக் கோடு கோடாக ஓடினால், அந்த இடத்தில் அச்சு வளைந்து நிமிர்கிறது, வெளிப்புறச் சட்டம் போதவில்லை என்று பொருள். படகு அச்சில் ஒட்டிக்கொண்டால் பதற்றத்தில் இரும்புச் சுத்தியலையும் உளியையும் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைய படகு வந்துவிடும், அச்சு அன்றோடு நோயாளி. மர ஆப்பும் ரப்பர் சுத்தியலும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி விரிசல்கள் பிறக்கவே பிறக்காது.

குறைகளைத் தேடச் சாயங்காலம் நல்ல நேரம். பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சை அச்சின் முகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து ஒளியை ஓட விடுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளமும் மேடும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கண்டதையெல்லாம் மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். நாளை பகல் வெளிச்சத்தில் தேடினால் கிடைக்காது.

கழுவுவதில் தொடங்கும் வேலை

நம் கடற்கரைப் பட்டறைகளுக்கென்று ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் கலந்திருப்பது நாம் அறிந்ததே. அந்தக் கார்னெட்டைத்தான் உலகெங்கும் உப்புத்தாளில் ஒட்டி விற்கிறார்கள். காற்றில் பறந்து அச்சில் படிந்த மணலை உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்த்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எனவே முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

தண்ணீருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு அசிட்டோனில் கரையாது. பலர் நேராக அசிட்டோன் துணியை எடுக்கிறார்கள். மெழுகும் பிசுக்கும் போகும், உப்பு அங்கேயே இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இருந்தால் ஜெல்கோட் ஒழுங்காகப் பிடிக்காது. ஆக முதலில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் சோப்பும், பிறகு நன்றாகக் காய்ந்த பின் அசிட்டோன்.

அசிட்டோன் துடைப்பு தேய்ப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். மெழுகு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், அந்த மெழுகை நாமே கீறல்களுக்குள் அழுத்தித் திணித்துவிடுகிறோம். அப்புறம் எத்தனை முறை துடைத்தாலும் கீறலின் அடியில் ஒரு படலம் நிற்கும். துணியை ஒருமுறை துடைத்ததும் மடித்துப் புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரே பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் மெழுகை எடுக்கவில்லை, பரப்புகிறோம்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் ஏன் தருகிறேன் என்றால், செப்பனிட்ட இடம் மூன்றாவது நான்காவது படகோடு பெயர்ந்து வருவதற்கு முதற்காரணம் இதுதான். பழைய அச்சின் ஜெல்கோட் எப்போதோ முழுதாக இறுகிவிட்டது. புதிதாகப் பூசும் ஜெல்கோட்டோடு அது வேதியியல் முறையில் சேராது. இரண்டையும் பிடித்து வைப்பது உப்புத்தாள் விட்டுச்செல்லும் நுண்ணிய பள்ளங்கள் மட்டுமே. அம்மி வழவழப்பாகிவிட்டால் கொத்தி வாங்குகிறோமே, அதுபோல் முகத்தைக் கொத்திக் கொடுத்தால்தான் புதியது பிடிக்கும். கொத்திய பள்ளத்தில் மெழுகு நிறைந்திருந்தால் என்ன பயன்?

திறப்பது

மூடுவதற்கு முன் திறக்க வேண்டும். ஊசித்துளையின் வாயை அப்படியே விட்டுவிட்டு மேலே ஜெல்கோட்டைத் தடவினால் உள்ளே காற்று அடைபட்டு மறுபடி துளையாகும். சிறிய கையடக்க டிரில்லில் உருண்டை முனையைப் பொருத்தி, வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும், கிண்ணத்தின் வடிவில் கடைந்துவிடுங்கள். பிறகு 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் குழியின் உள்ளேயும் விளிம்பைச் சுற்றியும் தேய்க்க வேண்டும்.

நட்சத்திர விரிசலில் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக, அது முடியும் இடத்தையும் சற்றுத் தாண்டி, அடிவரை கடைய வேண்டும். விரிசல் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். கடைந்த இடத்தில் அசிட்டோன் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். முகத்திலிருக்கும் அசிட்டோன் சில நொடிகளில் ஆவியாகிவிடும். விரிசல் இன்னும் மிச்சமிருந்தால் அதற்குள் இறங்கிய அசிட்டோன் உடனே காயாது. சுற்றிலும் உலர்ந்த பரப்பின் நடுவே தலைமயிர்போல ஒரு கருங்கோடு ஒரு கணம் நின்று மறையும். அந்தக் கோடு தெரியாமல் போகும்வரை கடைய வேண்டும். முதன்முறை இதைப் பார்த்தபோது, முடிந்துவிட்டது என்று நான் நினைத்த விரிசல் இன்னும் இரண்டு விரற்கடை நீளம் ஓடுவதைக் கண்டேன். அன்றிலிருந்து இந்தச் சோதனை இல்லாமல் எந்த விரிசலையும் மூடியதில்லை.

கடைந்து போகும்போது இழைவரை போய்விட்டால், ஜெல்கோட்டை மட்டும் ஊற்றி நிரப்பக் கூடாது. தடிமனாக நிற்கும் ஜெல்கோட் இறுகும்போது சூடாகிச் சுருங்கும், பிறகு அதுவே விரிசல் விடும். ஆழத்தை ரெசினில் நனைத்த மேட் துண்டுகளாலோ, சிறு குழியானால் பொடியாக நறுக்கிய இழையை ரெசினோடு பிசைந்த கூழாலோ உயர்த்தி, மேலே ஒரு மில்லிமீட்டர் இடம் மட்டும் ஜெல்கோட்டுக்கு விடுங்கள்.

கார்களுக்குப் பார்க்கும் பட்டியை இங்கே பயன்படுத்தலாமா என்று எல்லோரும் ஒருமுறையாவது கேட்பார்கள். நானும் அதைச் செய்தவன்தான். வேலை பழகிய காலத்தில், ஏராவின் ஓரத்தில் பெயர்ந்த ஒரு துண்டைக் கார் பட்டியால் அடைத்தேன். அரை மணி நேரத்தில் காய்ந்து, தேய்க்கச் சுலபமாகவும் இருந்தது. முதல் படகு நன்றாக வந்தது. இரண்டாவது படகில் அந்த இடம் சொரசொரப்பாக வந்தது. மூன்றாவது படகு கழன்றபோது பட்டி முழுவதும் படகோடு வந்துவிட்டது. அச்சில் பழைய பள்ளம், சுற்றிலும் புதுச் சிதைவு. காரணம் இப்போது தெரிகிறது. பட்டியில் கல்மாவுத் தூள் கலந்திருக்கும், அது மென்மையானது. ஒவ்வொரு படகு வார்க்கும்போதும் புது ஜெல்கோட்டின் ஸ்டைரீன் அதற்குள் ஊறி உப்பச் செய்யும். பிளக்கில் பட்டி பார்க்கலாம். படகு வார்க்கும் அச்சின் முகத்தில் அச்சு ஜெல்கோட் ஒன்றுதான்.

கலப்பது

ரெசினும் ஜெல்கோட்டும் பெயின்ட்போல் காய்வதில்லை. பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் போய் அது காய்கிறது. இங்கே பாலியெஸ்டரோ வினைல் எஸ்டரோ ஸ்டைரீனில் கரைந்திருக்கிறது. இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைச் சேர்த்ததும் அந்தச் சங்கிலிகளை ஸ்டைரீன் குறுக்கே குறுக்கே பிணைத்து வலையாக்குகிறது. அதனால்தான் இது இறுகும்போது சூடாகிறது, இறுகிய பின் மறுபடி கரைவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் கேட்டலிஸ்ட் அளவு ஏன் முக்கியம் என்பது தானே விளங்கும். குறைந்தால் வலை முழுதாகப் பின்னாது. எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அந்தக் குறை தீராது.

சிறு செப்பனிடலுக்கு 50 கிராம் ஜெல்கோட் தாராளம். கேட்டலிஸ்ட் 2 சதவீதம் என்றால் 1 கிராம். கையளவில் ஊற்றினால் இவ்வளவு சிறு அளவு நிச்சயம் தவறும். சமையலறை டிஜிட்டல் தராசில் ஜெல்கோட்டை நிறுத்து, மருந்துக்கடைச் சிரிஞ்சில் 1 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கேட்டலிஸ்ட்டை எடுத்தால் கணக்கு சரியாக வரும். கலக்கும்போது குச்சியால் வேகமாக அடிக்காதீர்கள், குமிழி வரும். டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, ஒரு நிமிடமாவது நிதானமாகக் கிளறுங்கள். நம் ஊர் மதிய வெப்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது கெட்டியாகத் தொடங்கலாம். வெயில் அதிகம் என்று கேட்டலிஸ்ட்டை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது தீர்வல்ல. காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்குவதுதான் தீர்வு.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல பகுதிகளைவிட நமக்கு ஈரநாட்கள் அதிகம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கும் உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும்போதும், அச்சின் முகத்தில் பனித்திருக்கும்போதும் நிரப்பாதீர்கள். மேட் சுருளைத் தரையில் வைக்காமல் பாலிதீனில் சுற்றிப் பரணில் வையுங்கள். ஈரம் குடித்த மேட் ரெசினை ஒழுங்காகக் குடிக்காது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரெசினோடு சேர்க்கும் பொருட்கள் இரண்டு: இறுகுவதை வேகப்படுத்தும், கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டர், மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்னும் கேட்டலிஸ்ட். இவை இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியையோ ஒரே சிரிஞ்சையோ பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. ஜெல்கோட் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கலந்தே வருகிறது. டப்பாவின் மேலிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வையைப் பறித்துவிடக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம். தெறித்துவிட்டால் உடனே, அங்கேயே, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூக்கில் கட்டும் துணியும் சாதாரண முகக்கவசமும் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், பட்டறையில் காற்றோட்டமும் வேண்டும்.

நிரப்புவதும் மூடுவதும்

நிரப்பும்போது குழியின் ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் காற்று முன்னால் ஓடி வெளியேறும். நடுவில் பொத்தென்று விட்டால் அடியில் காற்று நிற்கும். இறுகும்போது சுருங்கும் என்பதால் முகத்தைவிடச் சற்றே உயரமாக நிரப்புங்கள்.

சாதாரண ஜெல்கோட் காற்றுப்படும் பக்கத்தில் முழுதாக இறுகாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த வலை பின்னும் வேலையை மேல்பரப்பில் மட்டும் தடுத்துவிடும். அடி இறுகினாலும் மேலே பிசுபிசுப்பு நிற்கும். புதியவர்கள் இதைப் பார்த்துக் கேட்டலிஸ்ட் போதவில்லை என்று அடுத்தமுறை கூட்டிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது காற்றை மறைப்பது. நிரப்பிய இடத்தின்மேல் கெட்டியான, வழவழப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒரு ஓரத்திலிருந்து சுருக்கமில்லாமல் படிய வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். தாளுக்கடியில் முகம் கண்ணாடிபோல் இறுகும், தேய்க்கும் வேலையும் பாதியாகும்.

அதன்பின் ஓர் இரவு முழுவதும் தொடாதீர்கள். தொட்டால் கெட்டியாக இருக்கிறதே என்று மாலையிலேயே தேய்த்தால், மறுநாளும் அது சுருங்கிக்கொண்டே இருக்கும்; நாம் சமமாக்கிய இடம் பள்ளமாகிவிடும்.

தேய்ப்பது

எண் கூடக்கூட உப்புத்தாள் நுண்மையாகும். உயர்ந்து நிற்கும் பகுதியை 320-இல் இறக்கி, பிறகு 400, 600, 800, 1000, 1200 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் நேரம் மிச்சம் என்று தோன்றும். 400-இன் கீறலை 1000 எண் தாள் அழிக்காது, மேலே மினுமினுப்பு மட்டும் ஏற்றும். வெயிலில் படகைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அத்தனை கீறலும் தெரியும்.

விரலால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. விரல் நுனி மெத்தென்றிருப்பதால், மேட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றிக் குடைந்துவிடும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், வளைவான இடத்தில் கெட்டி ரப்பர் துண்டில். கட்டை மேட்டை மட்டும் தொடும். தேய்ப்பதற்கு முன் நிரப்பிய இடத்தையும் சுற்றியும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிடுங்கள். நான்கு இழுப்புக்குப் பிறகு பார்த்தால், பென்சில் கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய தாளின் கீறல் தீர்ந்ததா என்று உடனே தெரியும். எண் மாறும்போதெல்லாம் வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு குருணை போதும், முகத்தைக் கெடுக்க.

1200 முடிந்ததும் காம்பவுண்டு, பிறகு பாலிஷ். கார் பாலிஷ் வேண்டாம். அதில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். அதன்மேல் பூசும் ஜெல்கோட் மீன்கண்போல் வட்டம் வட்டமாக விலகி ஓடும். அச்சுக்கென்று விற்கும் சிலிக்கான் இல்லாத காம்பவுண்டைக் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் ட்யூப் லைட்டின் பிம்பம் செப்பனிட்ட இடத்தைக் கடக்கும்படி நின்று தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். பிம்பம் நெளியாமல் நேராக ஓடினால் சமம்.

மறுபடி மெழுகு

செப்பனிட்ட இடம் இப்போது புது அச்சு. பழைய இடங்களில் பல படகுகளாக ஏறிப் பழகிய மெழுகு இங்கே ஒரு துளியும் இல்லை. அச்சு மெழுகை மெல்லியதாக நான்கைந்து முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் பூசி, சற்றே உலர விட்டு, சுத்தமான பனியன் துணியால் மெருகேற்றி, அடுத்த பூச்சுக்கு முன் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தடிமனாக ஒரே பூச்சில் முடிக்க முடியாது. திரள் திரளாக நிற்கும், அது படகில் பதியும். மெழுகு போதுமா என்று பார்க்க ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் எளிதாக வந்தால் போதும்.

முதல் ஓரிரு படகுகளுக்கு மட்டும் மெழுகின்மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலைப் பஞ்சால் மெல்லியதாகத் தடவிக் காய விடுவது நல்லது. அது ஒரு மெல்லிய தோலாகப் படிந்து படகுக்கும் அச்சுக்கும் நடுவே நிற்கும். படகு கழன்ற பிறகு தண்ணீரில் கழுவினால் கரைந்துபோகும். அதன் தடம் படகில் லேசாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அன்று பத்தாயிரக்கணக்கில் செலவிட்ட ஒரு படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தை அது தவிர்க்கிறது.

கடைசியாக ஒரு சிறு வேலை. அச்சின் வெளிப்புறத்தில், செப்பனிட்ட இடத்துக்கு நேர் பின்னால், மார்க்கர் பேனாவால் தேதியையும் குறையையும் எழுதி வையுங்கள்: “ஊசித்துளை”, “நட்சத்திர விரிசல், ஐந்து கால்” என்று. அடுத்த படகு கழன்றதும் முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி விரிசல் வந்தால் ஜெல்கோட் டப்பாவைத் திறக்காதீர்கள். அச்சைக் கவிழ்த்து, எழுதிய இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் அங்கே இன்னும் இரண்டு மேட் அடுக்கும் ஒரு குறுக்குச் சட்டமும் ஒட்டி, அது இறுகிய பிறகு முகத்துக்கு வாருங்கள்.